மீனின் லெக்டின், இறாலின் லெக்டின்: எதன் மேல் சுமை அதிகம்?

கிருமியின் மேற்பரப்பில் உள்ள மானோஸ் போன்ற சர்க்கரைகளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்தான் லெக்டின். பிடிபட்ட கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இந்த அடிப்படை வேலை மீனிலும் இறாலிலும் ஒன்றுதான். அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது.

மீனில் லெக்டின் தோலின் சளியிலேயே தொடங்கிவிடுகிறது. ஜப்பானின் ஃபூகு மீனின் சளியில் பஃப்லெக்டின் என்று ஒன்று இருக்கிறது. அது விலங்கு லெக்டின்களைவிட, பூண்டு வகைத் தாவரங்களின் லெக்டினை ஒத்திருப்பது உண்மையிலேயே வியப்பு! இரத்தத்தில் உள்ள மானோஸ் லெக்டின், கிருமியை அழிக்க உதவும் நிரப்புப் புரதங்களைத் தூண்டிவிடும். அதையும் கிருமி தாண்டினால் ஆன்டிபாடி இருக்கிறது; மீனுக்குத் தடுப்பூசி பலிப்பதும் அதனால்தான்.

இறாலுக்கு ஆன்டிபாடியே கிடையாது. எனவே லெக்டின் மேல் சுமை மிக அதிகம். கிருமியை அடையாளம் காட்டுவது, இரத்த அணுக்கள் அதை விழுங்க உதவுவது, மெலனின் என்ற கருநிறமி உருவாகும் தற்காப்பைத் தூண்டுவது என்று பல வேலைகளில் அதற்குப் பங்குண்டு. இறாலின் லெக்டின்களில் பெரும்பாலானவை கால்சியம் சார்ந்து செயல்படும் சி-வகை லெக்டின்கள்தான்.

ஆனால் எல்லா லெக்டினும் நண்பன் அல்ல. இறாலைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி வைரஸின் உறைப் புரதங்களைப் பிடித்து இறாலைக் காப்பவை உண்டு. குருமா என்ற இறால் இனத்தின் இரைப்பையில் கண்டறியப்பட்ட ஒரு லெக்டினோ அதே வைரஸ் தொற்றுவதற்கே துணைபோகிறது. அதனால், ‘லெக்டினைக் கூட்டும் தீவனம்’ என்று யாராவது சொன்னால், எந்த லெக்டின் என்று முதலில் கேளுங்கள்.