'உங்களுக்காக மட்டும்' லிஸ்ட் போடற பாட்டு ஆப் - 3/5

ரொம்ப நாளா ஒரு பாட்டு ஆப் யூஸ் பண்றேன், பேர் வேணாம். சவுண்ட் பக்கா, டவுன்லோடு பண்ணி வச்சா நெட் இல்லாமயும் ஓடுது. அதுல குறையே இல்ல. நான் எழுத வந்தது அந்த 'உங்களுக்காக மட்டும்' லிஸ்ட் பத்தி.

அது வேலை செய்யற விதத்துக்கு கொலாபரேட்டிவ் ஃபில்டரிங்னு பேரு, நீங்க கேட்டதையே கேட்ட ஆளுங்கள தேடிப் புடிச்சு, அவங்க கேட்டு நீங்க கேக்காதது எதுவோ அதை எடுத்து நீட்டும். நல்ல பாட்டு நிறைய கெடைச்சிருக்கு, மறுக்கல. ஆனா என் டேஸ்ட்னு எனக்கு காட்டறதே ஒரு கூட்டத்தோட டேஸ்ட்தானே? ஃப்ரெண்டோட போனை வாங்கி பார்த்தேன், அவன் லிஸ்ட்ல பாதிக்கு மேல என்னோடதேதான், மேல பேரு மட்டும் வேற. சங்கடமா இருந்துச்சு, ஏன்னா நான் எப்படிப்பட்ட ஆளுன்னு நானே எனக்கு சொல்லிக்கறதுல பாட்டுக்கு பெரிய பங்கு இருக்கு.

இதைவிட எனக்கு கோவம் வர்றது ஒவ்வொரு பாட்டுக்கு கீழயும் எத்தனை பேர் கேட்டாங்கன்னு போடறது. நம்பர் கோடில இருந்தா பிடிக்கலேன்னாலும் கடைசி வரை கேக்கறோம், நூத்துச் சொச்சம்னா பாடகர் வாயைத் திறக்கறதுக்குள்ள விரல் அடுத்த பாட்டுக்கு தள்ளிடுது. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 2006ல வெளியிட்ட சோதனைல இதான் தெரிஞ்சுது. 14,000 பேருக்கு மேல கலந்துகிட்டாங்க, அதிகம் தெரியாத பேண்டுகளோட 48 பாட்டு, சில குரூப்புக்கு மட்டும் மத்தவங்க எவ்ளோ டவுன்லோடு பண்ணாங்கன்னு காட்டினாங்க. நம்பர் தெரிஞ்ச இடத்துல ஹிட் இன்னும் பெரிய ஹிட் ஆச்சு, அதுலயும் எது ஹிட்டுன்னு குரூப்புக்கு குரூப் மாறுச்சு!

ஆப்ல எனக்கு நெஜமாவே பிடிச்சது ஒண்ணு இருக்கு, யாரோ ஒருத்தர் கையால சேர்த்து வச்ச லிஸ்ட்டை ஃபாலோ பண்ற வசதி. முகம் தெரியாத ஒருத்தர், வெறும் மழை சத்தம் பின்னணில வர்ற பாட்டா சேர்த்து வச்சிருந்தார், ஒவ்வொண்ணுக்கும் ஏன் பிடிக்கும்னு ஒரு வரி எழுதி. அதுல பாதி எனக்கு ஒத்து வரல, ஆனாலும் அதுக்கப்புறம்தான் எனக்கு எது பிடிக்கும்னு நானே யோசிச்சு சேர்க்க ஆரம்பிச்சேன். 1950கள்ல சாலமன் ஆஷ்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் பண்ண சோதனைலயும் இதே மாதிரிதான், கோட்டோட நீளத்தை கூட இருந்தவங்க எல்லாம் வேணும்னே தப்பா சொன்னப்ப சோதிக்கப்பட்டவங்கள்ல கிட்டத்தட்ட முக்கால்வாசி பேர் ஒரு தடவையாவது ஒத்து ஊதினாங்க, ஆனா கூட இருந்ததுல ஒரே ஒருத்தர் சரியா சொன்னதும் அந்த ஒத்து ஊதறது ரொம்ப கொறைஞ்சு போச்சு. தனியா நிக்கறதுக்கும் ஒரு துணை வேணும்போல.

அப்படிப்பட்ட வசதியை போன அப்டேட்ல மெனுவுக்குள்ள மெனுவா எங்கயோ போட்டு பொதைச்சுட்டாங்க, தயவுசெஞ்சு முன்னாடி கொண்டு வாங்க. நம்பரை மறைக்க செட்டிங்ஸ்ல ஒரு பட்டனும் குடுங்க. இப்போதைக்கு மூணு ஸ்டார், அந்த மூணும் சவுண்டுக்கும் அந்த கையால போட்ட லிஸ்ட்டுக்கும்தான்.