ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்க இருப்பவர்களும், ஏற்கெனவே உள்ள இணைப்பில் கூடுதல் கணினிகளைச் சேர்க்க இருப்பவர்களும் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

கோவை அலுவலகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் மனைவியின் கணினி, கல்லூரியில் படிக்கும் மகளின் மடிக்கணினி, என் கணக்கு வேலைகளுக்கான கணினி, மகனின் பிளேஸ்டேஷன் ஆகிய நான்கும் ஒரே இணைப்பில் ஓட வேண்டும். பழைய கருங்கல் சுவர் வீடு என்பதால் உள்ளறைகளுக்கு வைஃபை சரியாக எட்டாது; ஆகவே லேன் கேபிள் இழுக்கச் சொன்னோம். வேலைக்கு வந்தவர், "சார், ஒரு லைனுக்கு ஒரு சிஸ்டம்தான் கணக்கு. மத்ததுக்கெல்லாம் தனித்தனியா ஐபி போடணும். கேம் பாக்ஸுக்கு கேமிங் லைன் தனி" என்று சொல்லி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தொகையை மாதக் கட்டணத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, ஆபீஸிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் என்றார். வரவே இல்லை.

அவர் சொன்னது முழுப் பொய். வீட்டு இணைப்புக்கு வெளியுலகில் ஒரே ஒரு ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண், போதும். வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்குப் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை ரவுட்டரே வழங்கி, எல்லாக் கருவிகளின் போக்குவரத்தையும் அந்த ஒரே வெளிமுகவரி வழியாக அனுப்பிப் பெற்றுக்கொள்கிறது. நாட் எனப்படும் இந்த முறை 1990-களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. அந்த உள்முகவரிகளை உலகில் எவரும் தம் வீட்டுக்குள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ரவுட்டரின் பின்புறம் உள்ள லேன் போர்ட்டுகள் போதாவிட்டால் கூடுதல் போர்ட்டுகள் தரும் ஒரு சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கி மாட்டினால் ஆயிற்று. அதற்கு மாதாமாதம் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

கேபிளில் செய்தது இதைவிட மோசம். 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும் மனைவியின் கணினியில் வேகம் 95-ஐத் தாண்டவில்லை. விண்டோஸ் அமைப்புகளில் பார்த்தால் இணைப்பு வேகம் 100 என்றே காட்டியது. சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது: கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் நான்கை அங்கே மாட்டிவிட்டு, மீதி நான்கை அடுத்த அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான்கு கம்பிகளில் 100 எம்பிபிஎஸ் வரைதான் போகும். ஆயிரம் வேண்டுமானால் எட்டும் வேண்டும். இரண்டு அறைகளுக்கு இரண்டு கேபிள் என்று பணம் வாங்கியவர்கள் ஒன்றை மட்டுமே இழுத்திருக்கிறார்கள்.

அவர்கள் விட்டுச்சென்ற கேபிள் துண்டிலிருந்து ஒரு கம்பியை எடுத்துப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். மேலே இருந்த செம்பு நிறம் சீவலாக உரிந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம் தெரிந்தது. உறையின் மேல் கேபிளின் தரம் கேட் 6 என்று அச்சடித்திருக்கிறது. அந்தத் தரத்துக்கு முழுச் செம்பு இருந்தாக வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியம் மடக்கினால் ஒடியும், முனைகளில் ஈரம் இறங்கினால் அரிக்கும். ஐப்பசியில் மழையும் மூடுபனியும் மாறி மாறி அடிக்கும் எங்கள் பக்கத்தில், வெளியே சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி அதை இழுத்துக் கட்டுவதை வேலை என்று சொல்லவே மனம் ஒப்பவில்லை.

"கேமிங் லைன்" என்று விற்றதையும் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டரை மாட்டி, அதிலிருந்து பிளேஸ்டேஷனுக்கு ஒரு கேபிள் கொடுத்திருந்தார்கள். அவ்வளவுதான் அந்தத் தனி லைன். இரண்டு ரவுட்டர்களும் தனித்தனியே நாட் செய்ததால், பிளேஸ்டேஷனின் நெட்வொர்க் சோதனையில், கட்டுப்பாடு மிகுந்த நிலையான நாட் வகை 3 என்று வந்தது. நண்பர்களோடு பேசிக்கொண்டே விளையாட மகனால் முடியவில்லை. பின்னாலிருந்த ரவுட்டரை, தானே நாட் செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் ஆக்ஸஸ் பாயின்ட் முறைக்கு மாற்றியதும் வகை 2 ஆகிவிட்டது, செலவு எதுவும் இல்லாமல். சில நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நிலைமை அதுதான், அங்கே இந்த மாற்றம் மட்டும் போதாமல் போகலாம். பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து எண் வாங்கினேன். பதில் திருப்தியாக இல்லாததால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதியதோடு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் பதிந்திருக்கிறேன். கருவிக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கேபிளைப் பற்றி மூச்சே விடவில்லை. ஆகவே சுரண்டிய துண்டையும், சுவர்ப் பெட்டியின் படங்களையும் எடுத்துக்கொண்டு உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்; செலுத்திய தொகை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. இதே ஆட்களிடம் இதே கேபிளை வாங்கியவர்கள் அதைக் கழற்றி எறியாமல் ஒரு துண்டையாவது பத்திரமாக வைத்திருங்கள்.