முயல் பெட்டிக்கு மரத்தூளா, செய்தித்தாளா?

கொடைக்கானல் மேல்மலைக் குளிரில் எங்கள் முயல் புழுக்கை போட, சிறுநீர் விட வைத்திருக்கும் பெட்டியில் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

மரத்தூள் ஈரத்தை நன்றாக இழுக்கும். ஆனால் பைன் மரத்தூள் என்றால் வேண்டவே வேண்டாம். அதன் வாசனை எண்ணெய் முயலின் ஈரலுக்கும் மூச்சுக்கும் ஆகாது.

செய்தித்தாள் சீக்கிரம் நனையும், தினமும் மாற்ற வேண்டும். சரி, பரவாயில்லை, என் ஓட்டு அதற்குத்தான். கிழித்த தாளைப் பரப்பி, பெட்டியின் ஒரு ஓரத்தில் காய்ந்த புல்லைக் குவித்து வைப்பேன். முயல் மென்றுகொண்டே புழுக்கை போடும். புல் இருக்கும் இடத்திலேயே காரியம் முடிந்துவிடும். வேறு மூலையில் சிறுநீர் விட்டால், துடைத்த தாளைப் பெட்டிக்குள் போடுங்கள். அந்த வாடை பிடித்து அங்கேயே வரும். அப்புறம், மழை மாதங்களில் புல்லை மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.