இலவச ஏலத் தளத்துக்கு போஸ்ட்கிரெஸ்: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

பொழுதுபோக்காக ஒரு ஏலத் தளம் கட்ட உட்காருபவர்கள் முதலில் யோசிப்பது பக்கம் எப்படித் தெரிய வேண்டும், படம் எப்படி ஏற்றுவது என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஏலத் தளத்தின் உயிர் டேட்டாபேஸில் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது, அதனால் இந்த விமர்சனம் போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ் மென்பொருள் பற்றி மட்டும்.

முதலில் இலவசமாகக் கிடைத்த ஒரு ரெடிமேட் ஏல ஸ்கிரிப்டைத்தான் போட்டேன், பெயர் வேண்டாம். பார்க்க லட்சணமாக இருந்தது. ஒரு பழைய கேமராவின் ஏலம் முடியப்போகும் நேரத்தில் இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டார்கள். அப்போதைய விலை 500. ஒருவர் 520 கேட்டார், இன்னொருவர் 510. ஸ்கிரிப்ட் இரண்டு பேருக்குமே 500 என்ற பழைய விலையைப் படித்து, இரண்டையும் ஏற்றுக்கொண்டு, கடைசியாக எழுதிய 510-ஐ வெற்றி என்று அறிவித்துவிட்டது. அதிகம் கேட்டவர் தோற்றுப்போனார். காசு வாங்காத தளம் என்பதற்காக இதைச் சும்மா விட்டுவிட முடியுமா? ரொம்ப நாள் மனதை உறுத்தியது.

போஸ்ட்கிரெஸில் இதற்கு 'செலக்ட் ஃபார் அப்டேட்' என்ற கட்டளை போதும். ஒருவர் கேட்டதும் டேட்டாபேஸ் அட்டவணையில் அந்த ஏலத்துக்கான வரியை மட்டும் பூட்டிவிடுகிறது. இரண்டாமவர் காத்திருக்கிறார், முதலாமவரின் கேட்பைப் பதிவுசெய்யும் டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் புதிய விலையான 520 அவருக்குத் தெரிகிறது, 510 தானாக நிராகரிக்கப்படுகிறது. மற்ற பொருள்களின் ஏலம் பாட்டுக்கு நடக்கும், பக்கத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் தடை இல்லை. ஒரே பொருளுக்கு ஒரே சமயத்தில் ஐம்பது கேட்புகளை அனுப்பித் திரும்பத் திரும்பச் சோதித்தேன், ஒரு தடவைகூட விலை பின்னால் போகவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'நவ்' என்று நேரம் கேட்டால் அது தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், கடிகாரத்தின் இந்த நொடி அல்ல. ஒன்பது மணிக்கு முடியும் ஏலத்தில் 8:59:59-க்குத் தொடங்கிய ஒரு கேட்பு பூட்டுக்காக இரண்டு நொடி காத்திருந்தாலும் அதன் கணக்கில் மணி இன்னும் 8:59:59-தான். இதனால் வெற்றி பெற்றவருக்கு மின்னஞ்சல் போன பிறகும் இன்னொரு கேட்பு உள்ளே வந்துவிட்டது. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்காமல் விட்டேன். இப்போது பூட்டு கிடைத்த பிறகு அந்த நொடியின் நேரத்தைத் தரும் 'கிளாக் டைம்ஸ்டாம்ப்' வைத்து நேரம் பார்க்கிறேன், ஏலம் முடிந்ததா என்பதையும் அதே வரியில் குறித்து வைக்கிறேன்.

அப்புறம் கடைசி நொடியில் வந்து தட்டிப் பறிப்பவர்கள். நேரில் நடக்கும் ஏலத்தில் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று சொல்லும்போது யாராவது விலையை ஏற்றினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள் இல்லையா, அதைத்தான் தளத்திலும் செய்ய வேண்டும். பொருளாதார ஆய்வாளர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது: நேரம் கறாராக முடியும் ஈபேயில் கடைசி நிமிடக் கேட்புகள் குவிந்தன, கேட்பு வந்தால் நேரம் நீண்ட அன்றைய அமேசான் ஏலங்களில் அது மிகவும் குறைவாக இருந்தது. என் தளத்தில் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் முடியும் நேரம் ஐந்து நிமிடம் தள்ளிப்போகிறது. பூட்டிய வரியிலேயே நேரத்தைக் கூட்டிவிடுவதால் இதற்கு நிரலில் ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினேன், அவ்வளவுதான்.

குறை என்றால், ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் பிராசஸ் ஓடுகிறது, இணைப்புகளுக்கு வழக்கமான உச்சவரம்பு 100. விலையை நொடிக்கொரு தடவை கேட்கும் பக்கத்தைப் பலர் திறந்து வைத்திருந்தால் சின்ன சர்வர் திணறும், முன்னால் சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஒரு கனெக்‌ஷன் பூல் வைத்தே ஆக வேண்டும். பெரிய பதிப்பு மாறும்போது டேட்டாவை நகர்த்தும் வேலையும் சேர்ந்து வருகிறது, அதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

நண்பர்கள் இருபது பேருக்குள் ஏலம் விடுவதற்கு என்றால் இது வேண்டாம், எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் போதும். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்றாலும் அந்த அளவுக்கு அது தடையே இல்லை, மொத்த டேட்டாபேஸும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். முன்பின் தெரியாதவர்கள் வந்து கேட்கும் தளம் என்றால் முதல் நாளே போஸ்ட்கிரெஸில் தொடங்குங்கள், நான் செய்ததுபோல நடுவில் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.