1970 எம்.ஜி.பி.: குளிர்காலம் முடிந்து ஓடவைத்த அனுபவம்

"குளிர்காலம் முழுக்க கேரேஜில் போர்த்தி வைத்துவிட்டு ஏப்ரலில் வெளியே எடுத்தால் ஒழுங்காக ஓடுமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் ரோட்ஸ்டர், அதாவது திறந்த கூரை ரகம் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். என்னிடம் 1970 மாடல் பல வருடங்களாக இருக்கிறது. காரின் அடிப்படை விவரமெல்லாம் அவருக்கே தெரியும், அவர் கேட்டது நம்பகத்தைப் பற்றி மட்டும்தான். ஒரு வரியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போன வசந்தத்தில் பட்ட எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

முதலில் சுலபமான விஷயங்கள். இங்கிலாந்தில் குளிர்காலச் சாலைகளில் உப்பு தூவுவார்கள். கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதிதான் இந்தக் காரின் பலமே, அதை உப்பு தின்றுவிடும். அதனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை என் கார் வெளியே வராது. உள்ளே வைக்கும்போது ஹேண்ட்பிரேக் போடக் கூடாது, பின்சக்கர பிரேக் டிரம்மோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பெடலை ஒரு கட்டை முட்டுக்கொடுத்து அழுத்தியே வைக்கலாம். இல்லையென்றால் கிளட்ச் தட்டு துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டு, வசந்தத்தில் கியரே விழாது. நாற்பது வயது தாண்டிய கார் என்பதால் எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அதனாலேயே பிரேக் ஆயிலையும் வீல் சிலிண்டர்களையும் நாமேதான் அக்கறையாகப் பார்க்க வேண்டும்.

பெட்ரோலுக்கு வருகிறேன். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் என்றால் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸில் வெடிப்பு விழவைக்கும். சூப்பர் கிரேடில் ஈ5 கிடைக்கிறது. நிறுத்திவைப்பதற்கு முன் அதைத்தான் நிரப்புகிறேன். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஆர்9 வகைக்கு மாற்றியாயிற்று.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் எஞ்சினில் பொறி போடும் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்டரைச் சுற்றவிடுகிறேன். மாதக்கணக்கில் சும்மா இருந்த எஞ்சினில் எண்ணெய் கீழே வடிந்திருக்கும். பிளக் இல்லாமல் சுற்றினால் பேரிங்குகளுக்குச் சுமை குறைவு. அப்புறம் பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பினால் பின்பக்கமிருந்து டக் டக் என்று பெட்ரோல் பம்ப் சத்தம் வர வேண்டும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர்களின் கிண்ணங்கள் நிறைந்ததும் அது தானாக நின்றுவிடும். சத்தமே இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் மின்தொடர்பு முனை சும்மா கிடந்ததில் ஆக்சைடு படிந்திருக்கிறது என்று அர்த்தம். வலது பின்சக்கரத்துப் பக்கம் கையை விட்டு ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். சத்தம் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், ஒன்று டாங்க் காலி, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கிண்ணத்தின் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வெளியே வழிகிறது. மூன்றாவதாக இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். சூடான எக்ஸாஸ்ட் கார்புரேட்டருக்குக் கீழேயேதான் இருக்கிறது.

இந்தக் காரில் என்னை இன்னும் மகிழவைப்பது அந்த இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்கள்தான். பெட்ரோல் வரும் துளையான ஒரு ஜெட், அதற்குள் கூம்பிய ஓர் ஊசி, அதைத் தூக்கி இறக்கும் ஒரு பிஸ்டன். எஞ்சின் எவ்வளவு காற்று இழுக்கிறதோ அந்த அளவுக்கு பிஸ்டன் எழும், ஊசி அந்த அளவுக்கு வழிவிடும். மேல்மூடியைத் திறந்து, பிஸ்டன் துள்ளாமல் தணிக்கும் டேஷ்பாட்டில் கொஞ்சம் எண்ணெய் விட்டால் பராமரிப்பில் பாதி முடிந்தது. கலவை சரியா என்று பார்க்கவும் கருவி வேண்டாம். சூடான எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. லேசாக ஏறித் தன் நிலைக்குத் திரும்பினால் சரி. ஜெட்டின் அடியில் இருக்கும் நட்டை ஒரு முகம், இரண்டு முகம் என்று திருப்பிக் காதால் கேட்டே முடித்துவிடலாம். குளிர்காலம் கழிந்த முதல் வெயில் நாளில் இந்த வேலையைச் செய்வது எனக்கு ஓட்டுவதைவிடப் பிடிக்கும் என்றுகூடச் சொல்வேன்.

அப்படியிருக்க, போன வசந்தத்தில் கார் ஏன் நடுவழியில் நின்றது? பிராட்வே ஊருக்கு மேலே ஏறும் ஃபிஷ் ஹில்லில், நன்றாகச் சூடேறிய பிறகு, திணறித் திணறி நின்றது. ஓரங்கட்டி அரை மணி நேரம் காத்திருந்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. அடுத்த வாரமும் அதே கதை. ஒரு கேரேஜில் காட்டினேன். பழைய பெட்ரோலால் ஜெட் அடைத்திருக்கும், கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். பிரித்தார்கள், புது கேஸ்கெட் போட்டார்கள், பெரிய பில்லும் கொடுத்தார்கள். ஊர் எல்லையைத் தாண்டவில்லை, மறுபடி நின்றது.

இந்த முறை எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அந்தக் காலத்து எம்.ஜி.பி.யில் அந்த மீட்டர் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் மின்சுற்றிலிருந்துதான் துடிப்பை எடுக்கிறது. பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் ஓய்ந்தால் முள் எஞ்சினோடு சேர்ந்து மெல்ல இறங்கும். சக்கரம் இன்னும் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே முள் துள்ளினாலோ சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தாலோ கோளாறு மின்சாரத்தில். என் முள் துள்ளி விழுந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், அதற்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் புது பாயின்ட்டின் முனை கருகிக் கிடக்கிறது. குற்றவாளி கண்டென்சர். அந்தக் குளிர்காலத்தில்தான், எல்லாம் புதிதாக இருக்கட்டும் என்று பாயின்ட், கண்டென்சர் எல்லாம் அடங்கிய சர்வீஸ் கிட் வாங்கி மாட்டியிருந்தேன்.

பாயின்ட் திறக்கும் கணத்தில் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். கண்டென்சர் அதை வாங்கிக்கொண்டால்தான், உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் காந்தப்புலம் உடனே சரியும், பிளக்கில் வலுவான பொறி விழும். சுமார் 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள, விரல் நுனி பெரிய தகர உருளை அது. உள்ளே காப்பு மட்டமாக இருந்தால் குளிர்ந்த நிலையில் மீட்டரில் சரியாகவே காட்டும், சூடேறியதும் கைவிடும். ஆறினால் திரும்பவும் வேலை செய்யும். அதனால்தான் எல்லாரும் பெட்ரோல்மேல் பழி போட்டுக் கார்புரேட்டரைப் பிரிக்கிறார்கள். கழற்றிப் பெட்டியில் போட்டிருந்த பழைய கண்டென்சரை எடுத்து மாட்டினேன். அதே ஃபிஷ் ஹில்லில் ஒரு திணறல்கூட இல்லாமல் ஏறியது. எனக்குக் கோபம் வந்ததே அங்கேதான். பல வருடம் உழைத்த பாகம் இன்னும் நன்றாக இருக்கிறது, பெட்டி பிரித்து மாட்டிய புதியது சில மணி நேரம் தாங்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தை அனுப்பும் ரோட்டார் ஆர்மிலும் இதே கதைதான். நடுவில் ரிவெட் அடித்த மலிவான ரகங்களில் மின்சாரம் அந்த ரிவெட் வழியாகவே தண்டுக்குப் பாய்ந்துவிடுகிறது. ஒரு டீக்காசு மிச்சம்பிடிக்க ஒரு காரையே சாலையில் நிறுத்துகிறார்கள்.

நியாயமாகப் பேசினால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தக் காரைத் தயாரித்த ஆபிங்டன் தொழிற்சாலை 1980-லேயே மூடப்பட்டுவிட்டது. அப்படிப்பட்ட காருக்கு இன்றும் ஸ்க்ரூவிலிருந்து பாடி ஷெல் வரை புதிதாகக் கிடைக்கிறது. ஷெல்லை 1988-லிருந்து மறுபடி தயாரிக்கிறார்கள். பழைய கார்களில் சிலவற்றுக்குத்தான் இந்த வசதி இருக்கிறது. நல்ல தரத்தில் செய்பவர்களும் இருக்கிறார்கள். ரிவெட் இல்லாத ரோட்டார் ஆர்ம் வாங்கினேன், இதுவரை குறையில்லை. கண்டென்சரை டிஸ்ட்ரிபியூட்டரின் சூட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து காயில் பக்கத்தில் வைத்துவிட்டேன். மின்னணு இக்னிஷனுக்கு மாறலாமே என்பார்கள். பலருக்கு அது நன்றாக உழைக்கிறது. ஆனால் பாயின்ட் தேய்வது முன்கூட்டியே தெரியும், சாலையோரத்தில் உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். மின்னணுப் பெட்டி போனால் போனதுதான்.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? வாங்க வேண்டாம் என்றுதான். காரில் குறை இருப்பதால் சொல்லவில்லை. 1.8 லிட்டர் பி-சீரிஸ் எஞ்சின் முரட்டு உழைப்பாளி, எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டு வேகமாகப் போகவைக்கும் ஓவர்டிரைவ் கியர் இருந்தால் நீண்ட பயணமும் சுகம், திறந்த கூரையோடு மே மாதக் கிராமச் சாலையில் போகும் இன்பத்துக்கு ஈடே கிடையாது. ஆனால் அவருக்கு வேண்டியது சாவியைத் திருப்பினால் கிளம்பும் கார். கடைக்காரர் விற்கும் புதுப் பாகத்தை நம்பக்கூடாது என்கிற சந்தேகத்தோடு வாழ அவருக்கு மனமும் இல்லை, நேரமும் இல்லை. இன்றைய மனநிலையில் என் பதில் இதுதான்.

இருந்தாலும் போய்ப் பார்ப்பேன் என்று அடம்பிடித்தால், எஞ்சின் பளபளப்பில் மயங்காமல் முதலில் சில்லையும், பின்னால் பேட்டரிப் பெட்டிகளின் அடியையும் பார்க்கட்டும். அங்கே துரு ஓடியிருந்தால் விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் திரும்பிவிட வேண்டும். விற்பவர் பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தால், அதையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.