குளிசையா, அப்லேஷனா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கச்சிக்கு ஈசிஜி எடுத்தபோதுதான் தெரிந்தது, இதயத்தில் பிறவியிலேயே ஒரு கூடுதல் மின்பாதை இருக்கிறது என்று. வூல்ஃப், பார்க்கின்சன், வைட் மூவரும் 1930இல் விவரித்த அதே நிலை. மேலறையில் தொடங்கும் மின்துடிப்பு கீழறைக்கு வர எடுக்கும் நேரமான பீஆர் இடைவெளி 120 மில்லிசெக்கனுக்குக் குறைவு, கீழறையின் மின்துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ் அலையின் தொடக்கத்தில் டெல்டா என்ற சாய்வு.

வழி இரண்டு: குளிசை, அல்லது அந்தப் பாதையையே அழிக்கும் அப்லேஷன். குளிசை என்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை. ஃபிளெக்கைனைட் போன்ற மருந்து படபடப்பைக் குறைக்கும், பாதை அப்படியே இருக்கும். நாள் தவறாமல் போட வேண்டும்.

அப்லேஷனில் தொடை நாளம் வழியாக மெல்லிய கதீற்றர்களை இதயத்துக்குள் செலுத்தி, மின்சாரம் எங்கே குறுக்கே பாய்கிறது என்று முதலில் தேடுவார்கள். கண்டதும் ரேடியோ அலைச் சூட்டால் அந்தச் சிறு புள்ளியைச் சுட்டுவிடுவார்கள். 100 பேரில் 90க்கும் மேற்பட்டோருக்கு அதோடு சரி. சிலருக்குப் பாதை திரும்ப வரும். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரத்தைக் கடத்தும் ஏவி கணுவை ஒட்டிப் பாதை இருந்தால் மட்டும் நன்றாக யோசிக்க வேண்டும்; கணு கெட்டால் பேஸ்மேக்கர் தேவைப்படும். அங்கே சூட்டை விட, உறைய வைக்கும் முறை பாதுகாப்பானது.

கொழும்பு அரச ஆஸ்பத்திரியில் காசில்லை, முறை வரும்வரை பொறுக்க வேண்டும்.

என் மனசு அப்லேஷன் பக்கம்தான். காரணம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறை ஒழுங்கில்லாமல் துடிப்பது. அது வந்தால் மேலறையின் தாறுமாறான வேகம் கூடுதல் பாதை வழியே கீழறைக்கு இறங்கி உயிரையே பறிக்கலாம். அந்த நேரத்தில் வெராபமில், டிகோக்சின் போன்ற, ஏவி கணுவின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகளைக் கொடுப்பதும் ஆபத்து. அதனால் முடிவு எதுவானாலும், அவசரத்தில் பார்க்கும் டாக்டருக்குக் கூடுதல் பாதை இருப்பது தெரிய, பழைய ஈசிஜியின் பிரதி ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கள்.