மினக்கெடுவதா, விடுவதா? கிளிநொச்சியிலிருந்து ஒரு கணக்கு

நாங்கள் இருவர் கோட் எழுதும் இடத்தில் ஓயாத சண்டை இதுதான்: பிழையோடு இன்னும் மினக்கெடுவதா, விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பதா? நான் மினக்கெடுகிற கட்சி. மல்லாவித் தம்பி விடுகிற கட்சி. ஆளுக்கொரு தரம் வென்றிருக்கிறோம்.

என் வெற்றி ஊர்ப்பெயர்த் தேடலில். மாங்குளம் வந்தது, ஒட்டுசுட்டான் வந்தது, கொக்கிளாய் வரவில்லை. பட்டியலில் கண்முன்னே நிற்கிறது, தேடினால் இல்லை. "அண்ணை, தேடலைப் புதுசா எழுதுவம்" என்றான். நான் மறுத்தேன். சரி, உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு நாளும் நான் செய்தது மினக்கெடலே இல்லை. ஒரே வரியை மாற்றி மாற்றி ஓடவிட்டதுதான். மூன்றாம் நாள், பிளேன்ரீ ஆறிக்கொண்டிருக்க, பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து அவற்றின் குறியெண்களைப் பார்த்தேன். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறையான யூனிகோடில் 'கொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், தனித்தனி இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பட்டியலில் இருந்தது இரண்டு, தேடியவர் தட்டியது ஒன்று. இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றியதும் கொக்கிளாயோடு, அதே எழுத்தில் தொடங்கும் கொக்குத்தொடுவாயும் சேர்ந்து வந்தது. புதிதாக எழுதியிருந்தால் அதே பிழை புது உடுப்பில் வந்திருக்கும். (ஔவையாரை ஒ, ள என்று தட்டுகிறவர்களுக்கு இது உதவாது. அது வேறு கதை.)

தம்பியின் வெற்றி பாமினியில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. கோப்பு வெறும் உரையாகச் சேமிக்கப்பட்டு எழுத்துரு விவரம் போய்விட்டால், அதை யூனிகோடுக்கு மாற்றும்போது நடுவே வரும் ஆங்கிலச் சொல்லும் தமிழாக மாறி உளறும். மூன்று வாரம் விதிமேல் விதி எழுதினேன். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உடைந்தது. கொக்கிளாயில் விடை கோப்புக்குள்ளேயே கிடந்தது. இங்கே எது ஆங்கிலம் என்ற தகவலே கோப்பில் இல்லை. "விடுங்கோ அண்ணை" என்று அவன் சொன்னது முதல் வாரத்திலேயே. கடைசியில் சந்தேகமான சொற்களை மஞ்சளாக்கி, ஆள் வைத்து வாசித்தோம்.

இப்போது தொடங்க முன்னரே எத்தனை நாள் மினக்கெடுவது என்று குறிக்கிறோம், இரணைமடுக் குளத்தில் நிற்கிற தண்ணியைப் பார்த்துச் சிறுபோக நெல்லுக்கு ஏக்கர் முடிவுசெய்கிற மாதிரி. புதுப் பிழை ஒன்று வந்திருக்கிறது. மூன்று நாள் என்றேன். இரண்டு என்கிறான்.